பொறுத்துப் பார்ப்போம் என்று நான் சொன்ன வெள்ளிக்கிழமை

புதிதாக ஐ.சி.யு.வுக்கு வந்திருக்கும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மொனிட்டர், வென்டிலேட்டர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் உங்களுக்கு யாராவது கற்றுத் தருவார்கள். போன் எடுப்பது எப்படி என்று ஒருவரும் கற்றுத் தரமாட்டார்கள். முப்பத்துமூன்று வருடம் தாதியாக வேலை செய்து, அதில் கடைசிப் பதினொரு வருடம் கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.யு. சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அத்தனை வருடத்தில் நான் செய்த பெரிய பிழை ஊசியிலோ மருந்திலோ நடக்கவில்லை. ஒரு போனில் நடந்தது.

அரசியல்வாதி வார்ட்டுக்கு வருமுன் அவருடைய இணைப்புச் செயலாளரின் போன் வரும். இணைப்புச் செயலாளர் என்றால் ஐயாவுக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று கடிதம் வாங்கிக் கொடுக்கிற, கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிற, மாலைக்கு ஏற்பாடு செய்கிற மனிதர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி. கட்டில் கேட்டுப் போன் எடுப்பார்கள். ஸ்கேன் வரிசையில் முன்னுக்குப் போடச் சொல்லி எடுப்பார்கள். பார்வை நேரம் முடிந்த பிறகு ஒன்பது பேரை உள்ளே விடச் சொல்லி எடுப்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் சமாளிக்கலாம். நாலு தரம் முடியாது என்றால் ஐந்தாம் தரம் வேறு ஆஸ்பத்திரிக்கு எடுப்பார்கள். ஒரு மனிதன் எங்கே, எப்படிச் சாகவேண்டும் என்று போனில் உத்தரவு போட வருவார்கள் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம். வீரையா என்று ஒரு பெரியவர், எழுபத்து நாலு வயது. ஹந்தானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் தொழிற்சங்கக் கமிட்டித் தலைவராக இருந்தவர். எல்லாரும் தலைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். நுரையீரல் இரண்டும் கெட்டுப்போய், ஒரே வருடத்தில் நாலாவது தடவையாக எங்களிடம் வந்திருந்தார். முகத்தில் இறுக்கமான மாஸ்க் ஒன்றைப் பூட்டி மெஷினால் காற்றை ஊதிக்கொண்டிருந்தோம். நினைவு நன்றாகத் தெளிவாக இருந்தது. மாஸ்க்கைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும், அதனால் வாய்க்கு ஒன்றும் கொடுக்க முடியாது. பஞ்சால் உதட்டை நனைத்துவிடுவோம், அவ்வளவுதான்.

எங்கள் விசேட வைத்திய நிபுணர் யாழ்ப்பாணத்துப் பெண். நோயாளியின் ஆட்களிடம் நின்றுகொண்டு கதைக்கமாட்டார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார். வியாழக்கிழமை வீரையாவின் கட்டிலருகே அப்படி உட்கார்ந்து, அவருக்கும் மனைவி பாக்கியத்துக்கும் பிலிமத்தலாவையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிற மகள் தேவிகாவுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். நுரையீரல் இனித் திரும்பாது. தொண்டையில் குழாய் போட்டுப் பெரிய மெஷினில் விடலாம், ஆனால் அதிலிருந்து அவர் இறங்கமாட்டார். இல்லையென்றால் ஒக்சிஜனோடும், மூச்சுத்திணறலின் வேதனையைக் குறைக்கிற மருந்தோடும் வீட்டுக்குப் போகலாம். வீரையா தானே கையைத் தூக்கி மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "வீட்டுக்குப் போறேன்" என்றார்.

பாக்கியம் அழுதார். அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுக்குக் கொண்டுபோனா வாயில பால் ஊத்தலாங்களா டாக்டரம்மா?"

நம் வீடுகளில் உயிர் பிரியுமுன் பெண்டாட்டி பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒரு கரண்டி பால் கொடுப்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ பேருக்கு ஆஸ்பத்திரியில் அது கிடைப்பதில்லை. குழாய் இருக்கும், இல்லையென்றால் ஆட்கள் வெளியே நிற்பார்கள். டாக்டர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அம்மா, குடுக்கலாம். கரண்டியால கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ, அவர் விழுங்குவார்" என்றார். பிறகு எல்லாவற்றையும் டிக்கட்டில் எழுதினார். கட்டில் டிக்கட் என்பது நோயாளியின் முழுக்கதையும் இருக்கிற தாள்கட்டு. அதில் எழுதினது நடந்தது, எழுதாதது நடக்கவில்லை, எங்கள் சட்டம் அதுதான். தாயும் மகளும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அம்பியுலன்ஸ்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லீவில் புறப்பட்டார். போகும்போது என்னிடம், ஏதும் பிரச்சினை என்றால் எந்த நேரமானாலும் போன் எடுக்கச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

பதினொரு மணிக்கு எங்கள் பக்கத்து அரசியல்வாதி ஐயாவின் இணைப்புச் செயலாளரிடமிருந்து போன் வந்தது. தலைவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறோமாமே, ஐயா மிகவும் வருத்தப்படுகிறாராம். கொழும்புக்குக் கொண்டுபோக ஐயா பெரிய இடத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறாராம், அதுவரை ஆளை விடக்கூடாதாம். இது நோயாளியும் குடும்பமும் எடுத்த முடிவு, டாக்டர் எழுதியும் ஆகிவிட்டது என்று சொன்னேன். அதற்கு அந்த இணைப்புச் செயலாளர் குரலைத் தாழ்த்தி, "குடும்பத்துக்கு என்னங்க தெரியும் மிஸ்ஸி? நீங்களும் நம்ம ஆளுதானே" என்றார்.

நம்ம ஆள். இதை மட்டும் கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன். நானும் தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்தவள்தான், அந்த வார்த்தைக்கு மயங்குகிற வயதெல்லாம் போய்விட்டது. ஆனால் அதற்கு மூன்று கிழமைக்கு முன்னால் என் தங்கச்சி மகளை டவுன் ஸ்கூலில் முதலாம் வகுப்பில் சேர்க்க, இதே மனிதரிடம் போய் நின்று ஐயாவின் கடிதம் ஒன்றை வாங்கியிருந்தேன். கடிதம் கேட்டதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டத் தேவையுமில்லை, இருவருக்கும் ஞாபகம் இருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டவள் நான். "சரிங்க, திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னேன். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

அந்தப் போனை நான் டிக்கட்டில் எழுதவில்லை. டாக்டருக்கும் எடுக்கவில்லை. திருவிழாவில் நிற்கிற மனுசியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சாட்டுச் சொன்னேன். கடமையிலிருந்த இளம் டாக்டர் கலகெதரப் பக்கத்துச் சிங்களப் பையன், ஐ.சி.யு.வுக்கு வந்து இரண்டு மாதம். அனுப்பும்படி எழுதியிருக்கிறதே சிஸ்டர் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மேலிடத்துப் பிரச்சினை, மெடம் வரட்டும் என்றேன். முப்பது வருட அனுபவம் சொல்லும்போது இரண்டு மாத அனுபவம் என்ன செய்யும்? இரண்டு மணிக்கு வந்த அம்பியுலன்ஸ் வெறுமனே திரும்பிப் போனது.

வீரையாவுக்கு அதற்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுத் தலையும் சீவிவிட்டிருந்தார்கள். நான் போய், இரண்டு நாள் பொறுங்கள் அம்மா என்றேன். பாக்கியம் என் முகத்தைப் பார்த்து, "டாக்டரம்மா சொன்னாங்களா மிஸ்ஸி?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். அந்த "ம்" இருக்கிறதே, அதற்கு என் நாக்கை அறுத்திருக்கவேண்டும். சட்டையைக் கழற்றும்போது வீரையா ஒத்துழைக்கவில்லை. கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு மாஸ்க்குக்கு மேலால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். பொறுத்துப் பார்ப்போம் என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நினைத்தேன். ஐ.சி.யு.வில் அப்படி ஒரு வசதி கிடையாது. சனிக்கிழமை விடிந்து ஏழு மணிக்கு வீரையாவின் மூச்சு தளர்ந்தது. வீட்டுக்கு அனுப்பும் முடிவை நான் நிறுத்தி வைத்திருந்தேன், அதனால் அந்தப் பையனுக்கு மிச்சமிருந்தது ஒரே வழிதான். மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாயைப் போட்டு, பெரிய மெஷினில் இணைத்தார். அவர் எதை வேண்டாம் என்று தன் வாயால் சொன்னாரோ அதையே செய்தோம். அதன்பிறகு வீரையா கண் திறக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்புக்கில் வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளி என்றால் உயிருக்கு மதிப்பில்லையா, மெஷினைக் கழற்றி வீட்டுக்கு விரட்டப் பார்த்தார்கள், ஐயா தலையிட்டுத் தடுத்து நிறுத்தினார் என்று. கீழே நூற்றுக்கணக்கில் ஏச்சு. முழுப் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நம் ஆட்களைக் கோரிடோரில் பாயில் போட்ட காலத்தை நானே பார்த்திருக்கிறேன், சிங்களம் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு மருந்தை மாற்றிக் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வலி மெய். அந்த மெய்யான வலியை எடுத்து, அதற்குச் சம்பந்தமேயில்லாத ஒரு குடும்பத்தின் முடிவின்மேல் ஒட்டிவிட்டார்கள். ஏசினவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒட்டினவர்மேல் வந்தது.

அன்றைக்குப் பார்வை நேரத்தில் ஐயாவே வந்தார். கூட எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் கமெரா. உள்ளே இரண்டு பேரைத்தான் விடுவோம். ஐயா ஒன்று, கமெரா ஒன்று, கணக்குச் சரியாகிவிட்டது. பாக்கியம் வெளியே சுவரோரமாக நின்றார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா வீரையாவின் கையைப் பிடித்துக்கொண்டு கமெராப் பக்கம் திரும்பி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

வெளியே வந்ததும் தேவிகா அவர் முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை.

"எங்கப்பா வீட்டுக்குப் போறேன்னு அவரு வாயாலயே சொன்னாருங்க. வேணாம்னு சொல்றதுக்கு நீங்க யாருங்கையா?"

ஐயா அவள் தலையைத் தடவி, பிள்ளை உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது, பாவம் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு லிப்டுக்குப் போனார். அந்தப் பிள்ளை தன் தலையைக் கையால் துடைத்துவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போதுதான் வந்தது. டாக்டருக்குப் போன் எடுத்தேன். கடிதம் வாங்கினதிலிருந்து "ம்" சொன்னதுவரை எல்லாம் சொன்னேன். அவர் "இதை வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம் சிஸ்டர்" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் டாக்டர் வார்ட்டில் நின்றார். பத்து மணிக்கு ஐயாவும் இணைப்புச் செயலாளரும், கொழும்பு விசயம் கதைக்க என்று வந்தார்கள். கொழும்பில் கட்டிலும் இல்லை, ஏற்றுக்கொள்ள டாக்டரும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். டாக்டர் அவர்களுக்குக் கதிரை போட்டார், தானும் உட்கார்ந்தார். வீரையாவின் டிக்கட்டைத் திறந்து வெற்றுப் பக்கம் ஒன்றை எடுத்து, பேனையை அதன்மேல் வைத்து ஐயாவின் பக்கம் தள்ளினார்.

"ஐயா, இவரை வீட்டை அனுப்பக்கூடாது எண்டு நீங்கள் சொன்னதாச் சிஸ்டர் சொல்லுறா. நல்லது. அதை இதில எழுதுங்கோ. என்ன வைத்தியம் செய்யோணும், எத்தினை நாளைக்கு எண்டும் எழுதிப்போட்டு, கீழ உங்கட பேரும் நேரமும் போட்டு ஒப்பம் வையுங்கோ."

ஐயா சிரித்தார். இணைப்புச் செயலாளரைப் பார்த்தார். அவர் தன் போனைப் பார்த்தார். "நான் டாக்டர் இல்லையேம்மா" என்றார் ஐயா. "ஓம்" என்றார் எங்கள் டாக்டர். பேனையைத் திரும்ப எடுக்கவில்லை. குடும்பத்தின் விருப்பம் எதுவோ அதுதான் தன்னுடைய விருப்பமும், தான் சுகம் விசாரிக்கத்தான் சொன்னேன், இடையில் யாரோ பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்று சொல்லி ஐயா எழுந்தார். மூன்று நாள் ஒரு குடும்பத்தைக் கட்டிப்போட்ட சங்கதி மூன்று நிமிடத்தில் முடிந்தது. இதை நான் வெள்ளிக்கிழமை போனிலேயே செய்திருக்கலாம். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், டிக்கட்டில் எழுதுகிறேன் என்று ஒரு வசனம். உங்களுக்குச் சொல்கிறேன், அந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைச் சொல்கிற தைரியம் வேண்டுமென்றால் அவர்களிடம் கடிதம் கேட்டுப் போகாதீர்கள். தங்கச்சி மகள் எந்த ஸ்கூலிலும் படிப்பாள்.

அவர்கள் போனதும் டாக்டர் டிக்கட்டை என் பக்கம் திருப்பினார். "இப்ப நீங்கள் எழுதுங்கோ சிஸ்டர். வெள்ளிக்கிழமை நடந்தது. குடும்பத்துக்கும் நீங்கள்தான் சொல்லோணும்." எழுதினேன். பேரும் நேரமும் போட்டு ஒப்பமும் வைத்தேன்.

பிறகு நடந்த ஒன்றைச் சொல்லி என் எரிச்சலை இறக்கிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை அடக்கத்தில் ஐயா மைக் பிடித்தாராம். தலைவரைத் தன் சொந்த மண்ணுக்கு, சொந்த வீட்டுக்குக் கொண்டுவர ஆஸ்பத்திரியோடு கடைசிவரை போராடியது தான் என்றாராம். கை தட்டினார்களாம். தேவிகா சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சில பேருக்கு ஆண்டவன் முகத்துக்குப் பதில் தகரத்தை வைத்து அனுப்புகிறான்.

நான் சொல்லவேண்டியது திங்கட்கிழமை மத்தியானம் நடந்ததைத்தான். குழாயை எடுத்து, ஒக்சிஜன் போட்டு, அம்பியுலன்ஸில் நானும் கூடப் போனேன். போகிற வழியிலேயே பாக்கியத்திடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு வாயெடுத்தேன், வரவில்லை. ரோட்டிலிருந்து லயத்துக்குப் படியிறக்கம், நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். காம்பராவில் அவருடைய கட்டிலில் படுக்க வைத்தோம். வெள்ளைச் சட்டையைத் திரும்பப் போட்டார்கள். மூச்சு இருந்தது, நீளமான இடைவெளி விட்டு விட்டு.

பாக்கியம் தம்ளரில் பாலை ஆற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கரண்டி எடுத்து உதட்டைப் பிரித்து ஊற்றினார். பால் உள்ளே நின்றது, பிறகு வாயோரத்தால் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் வழிந்தது. தேவிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம முழுங்கியிருப்பாரு" என்றார் பாக்கியம். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "அந்தாளு சொன்னா சொல்லிட்டுப் போறாரு மிஸ்ஸி, அவங்க பொழப்பு அது. டாக்டரம்மாவும் பொறுக்கச் சொன்னாங்களே, அதுதான் மனசு ஆறல. நீங்க ஒரு ஆளுதான் கடைசிவரைக்கும் கூட நின்னீங்க. நீங்களும் ஒரு கரண்டி ஊத்துங்க."

தம்ளரை என்னிடம் நீட்டினார்.

வாங்கக் கை போனது. வாங்கியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "டாக்டரம்மா சொல்லலம்மா" என்றேன். "அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நானாத்தான் சொன்னேன்."

பாக்கியம் நீட்டின தம்ளரைத் திரும்ப இழுத்து, மகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்.